யார் தலையில் விழுகிறது

ஜூலை 9, செவ்வாய்

இன்று வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

படிப்பின் பெயரே வாயில் நுழையாத நீளம். வணிகமும் பொதுக் கொள்கையும். அம்மாவிடம் சொன்னபோது, "கடைப் படிப்பா, கவர்மெண்ட் படிப்பா, ஒண்ணைச் சொல்லு" என்றாள். ரெண்டும்தான் என்றேன். "அப்போ கடையும் வச்சு, லைசென்ஸும் நீயே குடுத்துக்கலாம்" என்றாள். அம்மா ஜோக் அடிப்பது அபூர்வம் என்பதால் குறித்து வைக்கிறேன்.

முதல் பாடம் ஸ்கேல் சாருடையது. கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். அடிக்க இல்லை, முதுகு சொறியத்தான் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். இன்று கண்ணால் பார்த்தேன், உண்மைதான். பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் அரசாங்கம். "கடைக்கு வர்றவன் யாரு?" வாடிக்கையாளர் என்றோம். "அரசாங்கத்துகிட்ட வர்றவன்?" குடிமகன் என்றோம். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "எந்தக் குடிமகன் சார், சாயங்காலம் தள்ளாடிக்கிட்டு வர்றவனா?" என்றான். வகுப்பே கவிழ்ந்தது.

அப்பாவும் இதைத்தான் சொல்வார். மார்பில் தட்டிக்கொண்டு, "நாட்டோட முதல் குடிமகன் வந்திருக்கேன், கதவைத் திற." அவர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய ஜோக் எனக்கு முன்னாலேயே வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. சிரித்து முடித்த பிறகு பக்கத்தில் இருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

விடுதியில் எனக்கு நான்காவது மாடி. லிஃப்ட் மூன்றாவது மாடியில் தானாக நிற்கிறது. கதவு திறக்கிறது, ஆள் இல்லை, மூடிக்கொள்கிறது. என் அறைத்தோழி எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். வக்கீல் என்று பெயர் வைத்தாயிற்று. அவள், "பேய்டீ" என்றாள். பேயும் இல்லை பிசாசும் இல்லை, எவளோ பட்டனை அமுக்கிவிட்டுப் பொறுமை இல்லாமல் படியேறிப் போயிருக்கிறாள் என்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக் என்றேன். "இப்போ எங்க வேலை?" இப்போ இல்லை என்றேன். வேலை இல்லை என்று எடுத்துக்கொண்டாளா, ஆளே இல்லை என்றா, தெரியவில்லை. நானும் விளக்கவில்லை.

அப்பா எந்த லிஃப்டில் ஏறினாலும் முதலில் காதைச் சுவரில் வைப்பார். "பேரிங் அழுவுது, கேக்குதா?" என்பார். எனக்குக் கேட்காது. கேக்குதுப்பா என்பேன். அவ்வளவு நல்ல காது. பிறகு ஒருநாள் கம்பெனியில் வாயை ஊதச் சொன்னார்கள், வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதன் பிறகு லிஃப்ட் குழிக்குள் அவரை யாரும் இறங்க விடவில்லை.

ஜூலை 22, திங்கள்

மறுபடியும் மூன்றாவது மாடி. பட்டப்பகல். சாராய வாடை மாதிரி இருந்தது. சுத்தம் செய்கிற மருந்தாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவிடம் பேசினேன். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி வேலை. போனில் அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் நீராவி சீறும். "என் பொண்ணு!" என்று பக்கத்து மேசைக்குக் கத்தினாள். "ஸ்காலர்ஷிப்ல படிக்குது! அவங்கப்பன் காசு ஒரு சல்லி கலக்கல அதுல!"

இதை யாரைப் பார்த்தாலும் சொல்கிறாள். காய்கறிக்காரரிடம், பஸ்ஸில், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம்கூட. எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. அந்த மனுஷனோடு வாழ்ந்த இருபது வருஷத்தில் அம்மா ஜெயித்தது இந்த ஒன்றில்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

 இன்றே எழுதிவிடுகிறேன்.

இன்று ஸ்கேல் சார், ஒரு வரியை ஒரே செலவுக்கென்று ஒதுக்கி வைப்பதைப் பற்றிப் பாடம் எடுத்தார். பெட்ரோல் வரியில் சாலை, அப்படி. திரையில் ஒரு படம் போட்டார். இடது பக்கம் ஒரு பாட்டில், வலது பக்கம் பட்டம் வாங்கும் தொப்பி, நடுவில் அம்புக்குறி. "அரசு மதுக்கடையில விக்கிற ஒவ்வொரு பாட்டில்லயும் ஒரு பங்கு கல்வி நிதிக்குப் போகுது. இந்த வருஷம் வசூலாகறது, அடுத்த வருஷம் உதவித்தொகையா வெளிய வருது. ஏணி உதவித்தொகைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த வகுப்புலயே அதுல படிக்கறவங்க இருப்பாங்க. கை தூக்க வேண்டாம்."

வக்கீல் என் முழங்கையை இடித்தாள். "ஏய், உன்னோடது ஏணிதானே?"

ஏணிதான். என் கட்டணம், விடுதி, சாப்பாடு, இந்தப் பேனா, எல்லாமே ஏணி. ஏணி என்றால் ஏணி என்று நினைத்தேனே ஒழிய, யார் முதுகில் சாய்த்து வைத்த ஏணி என்று கேட்கத் தோன்றவில்லையே. முட்டாள். சுத்த முட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்தால்?

ஆகஸ்ட் 21, புதன்

நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று ஞாபகம் வந்து, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உதவித்தொகை கிடைத்த செய்தி வந்தது பிப்ரவரியில். அன்றிலிருந்து அப்பா ஒரு புது வார்த்தை கண்டுபிடித்தார். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "பாப்பா, ஃபீஸ் கட்டிட்டு வந்துடுறேன்" என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் வாழ்நாளில் எந்தப் பள்ளிக்கும் அவர் ஃபீஸ் கட்டியதில்லை. அதையே கிண்டலாக்குகிறார் என்று நினைத்தேன். ஒருநாள், "வெட்கமா இல்லையாப்பா?" என்று கேட்டேன். சிரித்தார். "நெசமாத்தான் பாப்பா, உனக்காகத்தான்" என்றார்.

தெரிந்து சொன்னாரா? கடையில் யாராவது சொல்லியிருப்பார்களா? அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் எப்படி அந்த வார்த்தை வாயில் வரும்?

ஏப்ரலில் மருத்துவமனை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, பிறகு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டி நிற்கும்போது, பின்னால் யாரோ "ஃபீஸ் கட்டிட்டு வந்துடுறேன்" என்றார்கள். அலுவலகத்துக்குப் போகிற ஒரு பெண்தான். தட்டு கையிலிருந்து விழுந்துவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

ஸ்கேல் சாரிடம் போனேன். எனக்கு என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்டேன். அந்தப் பணத்தில் படிப்பது சரியா சார் என்று. ஸ்கேலை முதுகிலிருந்து எடுத்தார். "நாய் வித்த காசு குரைக்காதும்மா. அரசாங்கத்துக்கு வந்துட்டா எல்லாம் ஒரே காசுதான். நீ வாங்கலைன்னா வேற யாரோ வாங்கப் போறாங்க. படி." கெட்ட மனுஷர் இல்லை. வெளியே வரும்போது, "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்டார்.

ஆனால் எனக்குக் குரைக்கிறதே. காலையில் பல் தேய்க்கும்போது, புத்தகத்தை விரிக்கும்போது, நல்ல மதிப்பெண் வந்தால் இன்னும் சத்தமாக. இதை எந்த வாத்தியாரிடம் போய்க் கேட்பது?

செப்டம்பர் 24, செவ்வாய்

விலை ஏறினால் ஒரு பொருளை வாங்குவது எவ்வளவு குறையும் என்று கணக்கு. ஐஸ்கிரீம் விலை ஏறினால் கோடு சடாரென்று சரிகிறது. மதுவுக்கு நகராமல் செங்குத்தாக நிற்கிறது. பழகியவர்கள் விலை பார்த்து விடுவதில்லை என்று சார் சொன்னார்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். நான் அதற்குள்ளேயே வளர்ந்தவள். விலை ஏறியபோதெல்லாம் அப்பா குறைக்கவில்லை. எங்கள் வீட்டில் பால் குறைந்தது. பிறகு நின்றது. பால் இல்லாத கட்டஞ்சாயாதான் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள், நானும் நம்பினேன்.

கோட்டைச் சரியாக வரைந்ததற்கு முழு மதிப்பெண்.

அக்டோபர் 17, வியாழன்

ஏணி மாணவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். இந்த வருஷம் மது விற்பனை மந்தம். நிதியில் வசூல் குறைவு. இப்படியே போனால் இரண்டாம் ஆண்டுக்குப் பாதிப் பேருக்குத்தான் புதுப்பிப்பார்கள். எழுத்தர் அம்மாள் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். "என்ன பண்றது கண்ணுங்களா, ஜனங்க குடிக்கறத குறைச்சுட்டாங்க."

அறைக்கு வந்து வக்கீலிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "வாடி, விடுதியே திரண்டு போய் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிச் சாக்கடைல ஊத்துவோம். கல்விக்குக் கைகொடுப்போம்!" நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. வக்கீல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அப்பா, அம்மா, ஃபீஸ், எல்லாம். முதல்முறையாக அவள் ஒன்றுக்கும் வாதாடவில்லை.

அக்டோபர் 26, சனி

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாவிட்டால் மறந்துவிடுவேனோ என்று பயம். மறக்கக் கூடாது.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே அரசு மதுக்கடை. மத்தியானம். சம்பள நாள் போலிருக்கிறது, வரிசை மருந்துக்கடை வாசலைத் தாண்டி வளைந்து நின்றது. சிமெண்ட் படிந்த கால்கள், டெலிவரி சட்டைகள், டை கட்டிய ஒருவர். நான் அந்த வரிசையை நுனியிலிருந்து அடிவரை பார்த்தேன். பார்த்துவிட்டு —

"அப்பாடா" என்றேன்.

வாய்விட்டு. நிம்மதியாக. பக்கத்தில் நின்றவர் பஸ்ஸுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "ஆமாம்மா, வந்துடுச்சு" என்றார்.

சீ. என்ன பிறவி நான்? எந்தக் கடைக்கு அப்பா போகக் கூடாது என்று சின்ன வயசில் சாமிக்கு நேர்ந்துகொண்டேனோ, அதே மாதிரி கடையில் இன்னைக்குக் கூட்டம்னதும் மனசு குளுந்துபோச்சே. அதுவும் என்ன வார்த்தை வந்துச்சு பாரு வாயில. அந்த வரிசையில் யாராவது திரும்பி என்னைப் பார்த்திருந்தால் அப்பாவின் முகம் இருந்திருக்கும். நிச்சயம். அதனால்தான் பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடுதி வாட்ச்மேன் அண்ணன் மூன்று நாளாகப் பளிச்சென்று சவரம் செய்துகொண்டு வருகிறார். இன்று வாசலில் நிறுத்தி, "பாப்பா, விட்டுட்டேன்" என்றார். எதை என்று எனக்குத் தெரியும். மாலைக் காவலுக்கு அவர் வரும்போது வாடையை மறைக்க ஏலக்காய் மென்றுகொண்டே வருவார், அப்பாவும் மெல்வார். "வீட்ல சத்தியம் பண்ணியாச்சு. பொண்டாட்டி நம்ப மாட்டேங்கறா. நீயாவது நம்பு."

சந்தோஷம்ணே என்றேன். ஒரு மூச்சு தாமதமாக. அந்த ஒரு மூச்சில் என்ன நினைத்தேன் என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

நவம்பர் 27, புதன்

சார் இன்று சொன்னது: "வரியை யாரு கட்டறான்னு கேக்காதீங்க. யாரு தலைல விழுதுன்னு கேளுங்க. கடைக்காரன் கட்டுவான், விலையை ஏத்தி உங்க தலைல போடுவான். முதலாளி கட்டுவான், கூலியைக் குறைச்சு வேலைக்காரன் தலைல போடுவான். பணம் கட்டுற கையும், பாரம் சுமக்கிற தலையும் வேற வேற."

இது எனக்குப் பிடித்தது. இவ்வளவு நாளில் முதல்முறையாக ஒரு பாடம் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

பருவத் தேர்வு. மது வரி யார் தலையில் விழுகிறது, உதாரணத்துடன் விளக்குக. குடிப்பவர் தலையில் என்று எழுதினேன். மூன்று பக்கம், அப்பாவின் பெயரைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி. ஒரு மனிதன் தன் உயிரைச் சில்லறையாக மாற்றி நாட்டின் கல்விக்குக் கட்டினான் என்றுகூட எழுதிவிட்டேன். எழுதும்போது கண் கலங்கியது. நல்ல விடை.

டிசம்பர் 15, ஞாயிறு

விடுமுறை. வீடு.

மேல்மாடி அக்கா வந்து எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "அவங்கப்பன் காசு ஒரு சல்லி…" அக்கா போனதும், போதும்மா, இனிமே அதைச் சொல்லாதே என்றேன். "ஏன்? ஊருக்குத் தெரியட்டும்." தெரிய வேண்டாம்மா என்றேன். "ஏன்டீ?" ஏன், ஏன் என்று விடாமல் கேட்டாள். நான் இவ்வளவு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. அது சாராயக் காசும்மா. கடையில விக்கிற காசுதான் எனக்கு ஸ்காலர்ஷிப்பா வருது. அப்பா குடிச்ச காசு.

அம்மா அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதியில் நின்றது.

"யாரு சொன்னா?"

சார் சொன்னார், அலுவலகத்திலும் சொன்னார்கள் என்றேன். நீராவி இல்லாத அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாள் ஆகிறது. கிழவி மாதிரி இருந்தாள். "வேணாம்" என்றாள். "அந்தப் பணம் வேணாம். நான் ரெண்டு ஷிப்ட் பாக்கறேன்." ரெண்டு ஷிப்ட் பார்த்தாலும் பத்தாதும்மா என்றேன்.  என் அம்மாவிடம் இருந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

பேசவில்லை. விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 18, புதன்

மூன்று நாள் மௌனம் தாங்காமல், சமாதானம் செய்வதாக நினைத்து, உலகத்தில் யாரும் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அப்பா பாவம்மா. ஃபீஸ் கட்டப் போறேன்னு சொல்வாரில்ல, தெரிஞ்சுதான் சொல்லியிருப்பார். எனக்காகத்தான்."

அம்மா கையில் இருந்த துணியை வீசினாள்.

"ஓஹோ. செத்ததும் உங்கப்பா தியாகி ஆயிட்டாரா? கடைசியா அந்தாளு சம்பளம்னு ஒண்ணு கொண்டாந்து குடுத்தது எப்போ, சொல்லு! நீ பத்தாவது படிக்கிறப்போ. அப்புறம் எந்தக் காசுல குடிச்சாரு? ஆகாசத்துலேர்ந்து கொட்டுச்சா? அரிசி டப்பா, தலகாணி உறை, காலண்டருக்குப் பின்னாடி… எங்க ஒளிச்சாலும் எடுப்பாரு. லிஃப்ட்ல எந்த நட்டு லூசுன்னு காதை வச்சே கண்டுபிடிக்கிற ஆளுக்கு என் பொடவை மடிப்பு ஒரு பெரிய விஷயமா? நான் நின்னு நின்னு, கால் வீங்கி, கை பொசுங்கிச் சம்பாதிச்சது. அதை எடுத்துட்டுப் போய் ஊத்திக்கிட்டு, ஃபீஸ் கட்டறாராம் ஃபீஸ்! கட்டினது நான்டீ! நான்!"

எனக்கு இது தெரியாதா? தெரியும். அரிசி டப்பாவில் அவர் கையை விட்டதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்தவள்தான் பரீட்சையில் மூன்று பக்கம் அவருக்காக அழுதிருக்கிறேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீசிய துணியை எடுத்து மடித்துக்கொண்டே, வேறு யாருடைய குரலிலோ சொன்னாள்: "விடாதே. வாங்கு. அது என் காசு, என் பொண்ணுகிட்ட வருது. ஒரு பைசா விடாம வாங்கு."

ஜனவரி 9, வியாழன்

விடைத்தாள் வந்தது. ஓரத்தில் சாரின் எழுத்து: "நன்று. ஆனால் குடிப்பவரோடு நிற்காமல் அவர் வீட்டுக்குள்ளும் போயிருக்கலாம்." மதிப்பெண் பற்றிக் கேட்கப் போகவில்லை.

ஜனவரி 25, சனி

அம்மாவிடம் போன். நீராவி. "என் பொண்ணு! என் காசுல படிக்குது!" என்று பக்கத்து மேசைக்குக் கத்தினாள். குரலில் இப்போது ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது, கொடுத்த கடனைத் திரும்ப வாங்குகிறவளைப் போல. இரண்டு வாரமாக லிஃப்ட் எனக்கு வெறும் லிஃப்டாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பிப்ரவரி 19, புதன்

வாட்ச்மேன் அண்ணன் மறுபடியும் ஏலக்காய் மெல்கிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வருத்தம்தான். வருத்தம் மட்டும்தான். வேறொன்றும் இல்லை. இல்லைதானே?

மார்ச் 20, வியாழன்

அலுவலகத்தில் எழுத்தர் அம்மாள் சிரித்த முகம். வருஷக் கடைசியில் விற்பனை தூக்கிவிட்டதாம். எல்லாருக்கும் புதுப்பிப்பு கிடைக்கும் போல என்றார். எல்லா ஏணிப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். என் கையும் தட்டியது.

ஏப்ரல் 30, புதன்

இரண்டாம் ஆண்டுக்கு உதவித்தொகை உறுதியாகிவிட்டது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விடுதி வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் மடித்த துணிப்பை. முன்பு பார்த்ததில்லை. "வாட்ச்மேன் வீட்டுக்காரிம்மா நான். அவரு இந்த மாசச் சம்பளம் வாங்கிட்டாரான்னு தெரியுமா?" என்று கேட்டார். நேற்றே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார்கள். நேத்தே வாங்கிட்டாருக்கா என்றேன்.  பையை இன்னும் சின்னதாக மடித்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு. கிளம்பும்போது என் தோளில் தொங்கிய புத்தகப் பையைப் பார்த்துவிட்டு, "இங்க படிக்கிற புள்ளையா நீ? நல்லா படிம்மா" என்றார். சரிக்கா என்றேன். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனது கடை இருக்கும் பக்கம்.

மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

வந்துடுச்சும்மா என்றேன்.

இந்த வருஷம் வசூலாவது அடுத்த வருஷம் வரும் என்று சார் முதலிலேயே சொல்லியிருக்கிறார். போன வருஷம் வாங்கியது அம்மாவின் காசு, சத்தியமாக. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போது வருவதில் எங்கள் வீட்டு அரிசி டப்பா கிடையாது. அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

பின்னால் நீராவி சீறியது. "என் காசுதானே?" என்று இன்னொரு முறை கேட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆமாம்மா, உன் காசுதான் என்றேன்.